எரிந்து முடிவதற்குள்

காந்தியைப் படமெடுக்க மார்கரெட் பூர்க்-ஒயிட்டுக்குக் கிடைத்தவை மூன்றே பல்புகள். 1946-ஆம் ஆண்டு, லைஃப் இதழுக்காக அவர் இந்தியா வந்திருந்தார். காந்தி ராட்டையோடு இருக்கும் படம் வேண்டுமென்றால் முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள், கற்றுக்கொண்டார். இன்று மௌன நாள், அவரிடம் பேசக்கூடாது என்றார்கள், ஒப்புக்கொண்டார். கண்ணைப் பறிக்கும் செயற்கை வெளிச்சம் காந்திக்குப் பிடிக்காது என்றபோதுதான் அவரால் விட முடியவில்லை. அறை இருட்டு. வாதாடிப் பெற்ற சலுகைதான் அந்த மூன்று பல்புகள். முதல் பல்பு எரிந்தது, ஆனால் ஷட்டர் அதோடு சேர்ந்து திறக்கவில்லை. இரண்டாவதும் வீணாயிற்று. மூன்றாவதில் படம் விழுந்தது.

அந்த முதல் பல்புக்கு என்ன ஆனது? வெளிச்சம் வந்தது, அந்த வெளிச்சம் ஃபிலிமைச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே தவறிப்போன நேரம் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குகூட இருந்திருக்காது. பழைய ஃப்ளாஷ் கன்னையும் பல்பையும் இன்று தேடிப் பிடித்துப் பழைய கேமராவில் மாட்டுகிறவர்களைக் குழப்பும் எல்லாமே இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. கேமராவின் முகத்தில் எம், எக்ஸ் என்று பொறித்திருக்கும் எழுத்துகள், பல்புப் பெட்டியின் பின்னால் அச்சிட்ட அட்டவணை, கன்னுக்குள் ஒளிந்திருக்கும் கண்டென்சர், எல்லாம் ஒரே காரியத்துக்காக ஏற்பட்டவை. பற்றி எரியும் ஒரு பொருள் தன் உச்சத்தை எட்டும்வரை ஷட்டரைக் காத்திருக்க வைக்க வேண்டும்.

ஏனென்றால் ஃப்ளாஷ் பல்பு விளக்கு வகையைச் சேர்ந்தது அல்ல. கண்ணாடிக்குள் அடைத்த நெருப்பு.

நெருப்பை வைத்துப் படமெடுக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. மெக்னீசியம் எரியும்போது வரும் வெண்மையான ஒளியை 1860-களிலேயே புகைப்படக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1887-இல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீதெயும் யோஹனஸ் கேடிக்கெயும் மெக்னீசியத் தூளோடு ஆக்சிஜன் தரும் உப்பைக் கலந்து ஒரே வெடிப்பில் எரியும் பொடியைச் செய்தார்கள். அடுத்த சில மாதங்களிலேயே நியூயார்க்கின் சேரிகளுக்குள் ஜேக்கப் ரீஸ் அந்தப் பொடியோடு இரவில் நுழைந்தார். ஜன்னல் இல்லாத அறைகளில் நெருங்கிப் படுத்திருந்த மனிதர்களை உலகம் பார்த்தது அப்படித்தான். வீடுகளுக்கு இரண்டு முறை தீ வைத்ததாகவும், ஒருமுறை தனக்கே வைத்துக்கொண்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பொடி எரிந்தால் அறை முழுக்க வெள்ளைப் புகை. அடுத்த படத்துக்கு அது கலையும்வரை நிற்க வேண்டும்.

இந்த நெருப்பைக் குடுவைக்குள் அடைத்த பெருமை மறுபடியும் ஜெர்மனிக்கே. 1920-களின் பிற்பகுதியில் பால் ஃபியர்கோட்டர், யோஹனஸ் ஓஸ்டர்மையர் ஆகியோரின் முயற்சியில் 'வாக்குபிளிட்ஸ்' என்ற பல்பு வந்தது. 1930-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் தன் பல்பை விற்கத் தொடங்கியது. புகை இல்லை, வெடிச் சத்தம் இல்லை, திரைச்சீலையில் தீப்பிடிக்கும் பயம் இல்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பொடியை மறந்தே போனார்கள்.

ஒரு பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோல் தெரிவது அலுமினியத்தை மயிரிழையாகச் சீவிய சுருள். பின்னாளில் வந்த சிறிய பல்புகளில் அந்த இடத்தைச் சிர்கோனியம் பிடித்தது. விறகுக்கட்டை பற்ற நேரமாகும், செத்தை உடனே பற்றிக்கொள்ளும் அல்லவா, அதே காரணத்துக்காகத்தான் உலோகத்தை இவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறார்கள். சுருளைச் சுற்றி இருப்பது காற்று அல்ல, ஆக்சிஜன். அவ்வளவு உலோகமும் ஒரு கணத்தில் எரிய, ஐந்தில் ஒரு பங்கே ஆக்சிஜன் உள்ள காற்று போதாது. நடுவில் ஒரு டங்ஸ்டன் இழை; அதன்மேல் எளிதில் தீப்பற்றும் பசை. மின்சாரம் இழையைச் சூடாக்கும், பசை வெடித்துப் பொறிகளைச் சிதறடிக்கும், பொறிகள் பட்ட இடமெல்லாம் சுருள் பற்றும். மின்சாரத்தின் வேலை தீக்குச்சி கிழிப்பதோடு முடிந்துவிடுகிறது. ஒளி முழுக்க வேதிவினையிலிருந்து வருகிறது.

கண்ணாடிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சு உண்டு. வெப்பத்தில் கண்ணாடி விரிசல் விட்டாலும் சிதறாமல் பிடித்துக்கொள்வதற்கு. எரிந்த பல்பின் பூச்சு கொப்புளித்து, பால்போல் வெளுத்துக் கிடக்கும். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் புகைப்படக்காரர் பின்னாலேயே திரிந்த சிறுவர்கள் பொறுக்கிச் சேர்த்தது அவற்றைத்தான். பல்பின் உள்ளே ஒரு நீலப் பொட்டும் தெரியும். அதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் அதிகம். கோபால்ட் உப்பு அது. குடுவையில் கசிவு ஏற்பட்டு வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போயிருந்தால் நீலம் இளஞ்சிவப்பாக மாறிவிடும். அப்படி மாறிய பல்பைப் பயன்படுத்தவே கூடாது. ஒன்று எரியாது, அல்லது எரிந்து வெடிக்கும். அரை நூற்றாண்டு பரணில் கிடந்த பெட்டியை வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொட்டைத்தான்.

இனி நேரக் கணக்கு. இந்த அத்தியாயத்தில் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

மின்சாரம் பாய்ந்த கணத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்வோம். 'எம்' வகைப் பல்பு ஒன்றில் இழை சூடாகிப் பசை வெடித்துச் சுருள் பற்றி ஒளி உச்சத்தைத் தொடும்போது 20 மில்லி நொடி ஆகியிருக்கும். உச்சத்தின் பாதிக்கு மேல் ஒளி நீடிக்கும் நேரம் பத்துப் பதினைந்து மில்லி நொடி. பிறகு அணைந்துவிடும். மனிதக் கண்ணுக்கு இது ஒரே வெட்டு. ஷட்டருக்கோ நீண்ட கதை. 1/125 நொடி என்றால் 8 மில்லி நொடி. பல்பும் ஷட்டரும் ஒரே கணத்தில் தொடங்கினால், பல்பு சரியாகப் பற்றுவதற்குள் ஷட்டர் திறந்து மூடிவிட்டிருக்கும். அறையில் இருந்த எல்லோருக்கும் வெளிச்சம் தெரிந்திருக்கும், ஃபிலிமுக்கு மட்டும் தெரிந்திருக்காது.

அதனால்தான் நல்ல லென்ஸ் ஷட்டர்களில் 'எம்' என்ற நிலை வைத்தார்கள். அதில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் முதலில் பல்புக்கு மின்சாரம் போகும். ஷட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு பற்சக்கரத் தொகுதி ஒளியை மறைக்கும் உலோக இதழ்களை ஏறத்தாழ 17 மில்லி நொடி பிடித்து வைத்திருக்கும். பிறகு விடும். இதழ்கள் முழுதாகத் திறக்கும் வேளையில் பல்பு உச்சத்தில் இருக்கும். கைக்கடிகாரத்தைவிடச் சிறிய இடத்தில், மின்னணு என்ற பேச்சே இல்லாமல், பித்தளைப் பற்களை மட்டும் வைத்து இதைச் சாதித்திருக்கிறார்கள். கம்ப்யூர், ப்ரான்டர் ஷட்டர்களைப் பழுது பார்க்கிறவர்கள் இதைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார்கள்.

'எக்ஸ்' நிலையில் தாமதம் இல்லை. இதழ்கள் முழுதாகத் திறந்த கணத்தில் மின் தொடர்பு ஏற்படும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு அது வேண்டும், ஏனென்றால் அதன் ஒளிவெட்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்து போய்விடும். இன்று பலர் செய்யும் பிழை இந்த இடத்தில்தான் நேர்கிறது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷை 'எம்'மில் வைத்துப் படமெடுத்தால் ஷட்டர் திறப்பதற்கு முன்பே ஒளி வந்து போயிருக்கும். ஃபிலிம் ரோல் முழுவதும் இருட்டு. பல்பை 'எக்ஸ்'ஸில் வைத்து 1/125-இல் எடுத்தாலும் அதே கதி. ஆனால் பல்பை 'எக்ஸ்'ஸில் வைத்து 1/30 நொடிக்கு இறக்கினால் தப்பிக்கலாம். 33 மில்லி நொடி கதவு திறந்திருக்கிறது. பல்பு பற்றி, உச்சம் தொட்டு, அணைவதெல்லாம் அதற்குள் நடந்துவிடும். தாமதப் பற்சக்கரம் இல்லாத எளிய பெட்டிக் கேமராக்கள் இந்த வழியில்தான் பிழைத்தன. அவற்றின் ஷட்டர் மெதுவானது, அவற்றுக்கென வந்த பல்போ சிறியது, சீக்கிரம் பற்றுவது.

பழைய கேமராவின் 'எம்' பற்சக்கரம் இன்னும் வேலை செய்கிறதா என்று பல்பை வீணாக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. ஃபிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, எலக்ட்ரானிக் ஃப்ளாஷை இணைத்து, 1/125-இல் வைத்து, லென்ஸ் வழியாக ஒரு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். 'எக்ஸ்'ஸில் முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். 'எம்'மில் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் பற்சக்கரம் ஷட்டரைத் தாமதிக்கவில்லை என்று பொருள். பக்கத்திலேயே 'வி' என்று ஒரு நிலை இருக்கும். அது சுயமாகக் கிளிக் ஆகும் டைமர். பழைய ஷட்டரில் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பாதி வழியில் சிக்கிக்கொண்டால் ஷட்டரையே முடக்கிவிடும்.

லைக்கா போன்ற கேமராக்களில் ஷட்டர் லென்ஸில் இல்லை, ஃபிலிமுக்கு முன்னால் ஓடும் திரையாக இருக்கிறது. வேகமான நிலைகளில் அந்தத் திரை முழுதாகத் திறப்பதே இல்லை; ஒரு குறுகிய பிளவு ஃபிலிமின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். பிளவு பயணம் செய்யும் நேரம் முழுவதும் ஒளி ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் போகும். அதற்கென்றே 'எஃப்பி' பல்புகள் வந்தன. அவற்றின் ஒளி சட்டென ஏறி, மேட்டுநிலம்போல் சமமாக நீடித்து, பிறகு இறங்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷால் நெடுங்காலம் செய்ய முடியாத காரியம் இது. நண்பகல் வெயிலில் 1/500 நொடியில் முகத்து நிழலை நிரப்ப வேண்டுமா, 'எஃப்பி' பல்பு போதும்.

ஒளி எவ்வளவு, துளை எவ்வளவு? அதற்கு வழிகாட்டி எண் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இது. பள்ளியில் படித்த எதிர் இருமடி விதி கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். லென்ஸின் எஃப் எண் பாதியானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும். ஆகவே தூரத்தையும் எஃப் எண்ணையும் பெருக்கி வரும் தொகை மாறாமல் இருந்தால் படமும் மாறாது. 1940-களில் நியூயார்க்கின் இரவுக் கொலைகளையும் தீ விபத்துகளையும் படமெடுத்த வீஜி தன் கேமராவை 10 அடி, எஃப்/16, 1/200 நொடி என்று முன்பே பூட்டி வைத்திருப்பார். அவருடைய வழிகாட்டி எண் 160. பிணம் 20 அடி தள்ளிக் கிடந்தால் எஃப்/8. காரிலிருந்து இறங்கும்போது அவர் செய்ய வேண்டிய கணக்கு அவ்வளவுதான். பெரும்பாலும் அதையும் செய்யாமல், 10 அடிக்குள் போய்விடுவார்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அது அடியிலா மீட்டரிலா என்று பார்க்க வேண்டும். எந்த ஷட்டர் வேகத்துக்கு என்று பார்க்க வேண்டும். 1/250-க்கு மேல் போனால் பல்பின் ஒளியில் ஒரு கீற்றைத்தான் வெட்டி எடுக்கிறோம், எண் குறைந்துவிடும். ஃபிலிமின் வேகம் நான்கு மடங்கானால் எண் இரட்டிப்பாகும். இன்னொரு கண்ணி 1960-இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்கத் தர அமைப்பு கறுப்பு-வெள்ளை ஃபிலிம்களின் வேகத்தைக் கணக்கிடும் முறையை மாற்றியது. ஃபிலிம் மாறவில்லை, பெட்டியில் எண் மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்கு முந்திய பல்புப் பெட்டி என்றால் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறப்பது பாதுகாப்பு. வண்ண ஃபிலிம் போடுகிறவர்கள் நீலப் பூச்சுள்ள பல்பைத் தேட வேண்டும். நீலப் பூச்சில்லாத பல்பின் ஒளி சுமார் 3,800 கெல்வின், மஞ்சளடிக்கும். நீலப் பூச்சு அதைப் பகல் ஒளிக்கு நெருக்கமாக, 5,500 கெல்வினுக்குக் கொண்டுவரும். கறுப்பு-வெள்ளைக்கு இந்தக் கவலை இல்லை.

முதல் காலக் கன்களில் மூன்று டார்ச் பேட்டரிகளை ஒரு குழாய்க்குள் அடுக்கியிருப்பார்கள். கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் அந்தப் பளபளக்கும் குழாயை உங்களில் பலர் வேறு வேடத்தில் பார்த்திருப்பீர்கள்; 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாளுக்குப் பிடியாக இருந்தது அதுவே. இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு. பேட்டரி தேயத் தேய அதன் உள்தடை கூடும், இழை சூடாக நேரம் பிடிக்கும், 20 மில்லி நொடி 25 ஆகும், ஷட்டரோடு கணக்குத் தப்பும். பல்பு எரியும், படம் கறுக்கும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் கண்டென்சர் வைத்த கன். 22.5 வோல்ட் சிறு பேட்டரி ஒன்று, சில ஆயிரம் ஓம் தடை வழியாக, 100 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டென்சரை மெல்ல நிரப்பும். பொத்தான் அழுத்தியதும் கண்டென்சர் தன்னிடம் உள்ளதை ஒரே மூச்சில் கொட்டிவிடும். பேட்டரி கிழடானால் நிரம்பச் சற்று நேரமாகும், அவ்வளவே. கொட்டும் வேகம் குறையாது.

கணக்குப் போட்டால் அந்தக் கண்டென்சரில் சேரும் ஆற்றல் ஒரு ஜூலின் நாற்பதில் ஒரு பங்கு. எதிர்ப்பக்கத்தில், பத்திரிகைக்காரர்கள் பயன்படுத்திய 5-ஆம் எண் பல்பு ஒன்று தரும் ஒளி சுமார் 20,000 லூமன்-நொடி. அதே ஒளியை எலக்ட்ரானிக் ஃப்ளாஷில் பெற ஏறத்தாழ 500 ஜூல் வேண்டும்; அது ஸ்டுடியோவில் தரையில் நிற்கும் பெட்டி அளவு. கேமராமேல் மாட்டும் சாதாரண ஃப்ளாஷ்கள் ஏழெட்டு சேர்ந்தால்தான் எட்டிப் பிடிக்கும். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிய குடுவைக்குள் அவ்வளவும் இருக்கிறது.

இன்று இந்தக் கன் ஒன்றை உயிர்ப்பிக்க, 22.5 வோல்ட் பேட்டரி கிடைக்காவிட்டால் கார் ரிமோட்டில் போடும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக வைக்கலாம். பழைய கண்டென்சர் பெரும்பாலும் கசியும். 35 வோல்ட் தாங்கும் புதியது ஒன்றைப் பற்றவைத்தால் சில ரூபாயில் வேலை முடியும். பல்பின் அடிப்பக்கத்து ஈயப் புள்ளியில் படிந்த களிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போகும். ஆனால் பல கன்களில் பல்பைச் சொருகியவுடன்தான் கண்டென்சர் நிரம்பத் தொடங்கும், கேமராவின் மின் தொடர்பு எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தால் பல்பு கைக்குள்ளேயே எரிந்துவிடலாம். ஆகவே கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்புறம் திருப்பிச் சொருகுங்கள். தளர்வான பல்புகளை நைலான் சட்டைப் பையில் போடாதீர்கள். துணியில் உண்டாகும் நிலைமின்சாரமே சில பல்புகளைப் பற்றவைக்கப் போதும். விமானத்தில் எடுத்துப் போகும் எண்ணமும் வேண்டாம்.

ஒரு பல்புக்கே இத்தனை ஜாக்கிரதை என்றால் நாற்பத்து மூன்றுக்கு? 1956 ஆகஸ்ட் 2 இரவு, மேற்கு வர்ஜீனியாவின் யேகர் என்ற ஊரில், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றில் ஓ. வின்ஸ்டன் லிங்க் அதைச் செய்தார். நீராவி ரயில்கள் மறைந்துகொண்டிருந்த காலம். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை அவர் இரவில்தான் படமெடுத்தார். பகலில் சூரியன் தன் இஷ்டப்படி நிற்கும். இரவில் ஒளி முழுக்க அவர் கையில். முன்னால் கார்கள், நடுவே திரை, பின்னால் புகை கக்கிப் பாயும் ரயில், எல்லாவற்றையும் 43 பல்புகள் ஒரே கணத்தில் வெளிச்சமிட்டன.

பொறியியல் படித்த லிங்க் தன் பல்புகளைத் தொடராக இணைத்தார். பக்கத்துக்குப் பக்கம் இணைத்திருந்தால் நாலைந்து எரியாமல் போனாலும் மற்றவை எரிந்துவிடும். படத்தில் ஓட்டை விழும், பல்பும் போகும், ரயிலும் போயிருக்கும். தொடரில் ஓர் இணைப்பு கழன்றிருந்தாலும் எதுவுமே எரியாது. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் போதும். ஆனால் தொடருக்கும் விலை உண்டு. ஏதாவது ஒரு பல்பின் இழை மற்றவற்றுக்கு முந்தி அறுந்தால் சுற்று துண்டிக்கப்பட்டு மீதிப் பல்புகள் பற்றாமல் நின்றுவிடும். அத்தனை இழைகளும் ஒன்றாகச் சூடாகும்படி, பேட்டரியும் கண்டென்சரும் கொண்ட வலுவான மின்பெட்டியை அவரே வடிவமைத்துக்கொண்டார். அவ்வளவு ஒளியில் திரையில் ஓடிய சினிமா கழுவித் துடைத்ததுபோல் மறைந்துவிட்டது. அந்தப் படத்தில் திரைமேல் தெரியும் விமானம் தனியாக எடுத்து இருட்டறையில் சேர்த்தது.

எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் மலிவானதும் பல்பின் காலம் முடிந்தது. அதற்கு முன் 1965-இல் நான்கு பல்புகள் கொண்ட ஃப்ளாஷ்கியூப், 1970-இல் பேட்டரியே வேண்டாத மேஜிக்யூப் என்று சில தந்திரங்கள் பார்த்தார்கள். மேஜிக்யூபில் ஒரு கம்பிச்சுருள் தட்டித்தான் தீப்பற்றும். இன்று மிச்சமிருப்பவை பெரும்பாலும் பழைய இருப்புதான், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒன்று குறைகிறது. ஆகவே எதற்குச் செலவழிப்பது என்று யோசிக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஆறடியில் எடுக்க எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் போதும். பெரிய பிரதிபலிப்புத் தட்டிலிருந்து வரும் பல்பின் மென்மையான நிழல் வேண்டும் என்றால் ஒன்றிரண்டு எரிக்கலாம். பல்புக்கு இன்றும் நிகரில்லாத இடம் குகை. 1952-இல் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைக் கூடத்தைப் படமெடுக்க ஒரே நேரத்தில் 2,400 பல்புகளை எரித்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தபடி விட்டு, இருட்டில் இடம் மாறி மாறி நின்று ஒவ்வொன்றாக எரித்தால் போதும். அங்கே எம்மும் இல்லை, எக்ஸ்ஸும் இல்லை. ஃப்ளாஷ் இணைப்பே இல்லாத 1920-களின் மடிப்புக் கேமராகூட அந்த வேலைக்குச் சரியாக வரும்.